உட்கார்ந்து பார்த்து வாங்கிய தூண்டில் கம்புகள்

அடுத்த வாரம் கயாக்குகளை லொறியில் ஏற்றிக்கொண்டு கற்பிட்டிக் கடலுக்குப் போகப்போகிறீர்களாம். சந்தோஷம். துடுப்புப் போடவும் முடிச்சுப் போடவும் விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கவும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதையெல்லாம் நான் திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த பிறகும் என் வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. அந்த ஸ்டோருக்குள் இருந்துகொண்டு நான் எதற்காகச் சண்டை போட்டேன் என்பதை மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள் நான். ஆற்று முகாமில் லைஃப் ஜாக்கட் கழுவ ஆள் தேவை என்றார்கள், இறங்கி வந்தேன். கழுவினேன், கிழிந்ததைத் தைத்தேன், அடுக்கினேன். கொஞ்ச காலத்தில் ஸ்டோர் சாவியே என் கைக்கு வந்துவிட்டது. சிங்களப் பிள்ளைகளும் சரி, நம் பிள்ளைகளும் சரி, எல்லோருக்கும் நான் ஸ்டோர் அக்காதான். எனக்கு நீச்சல் தெரியாது. நீச்சல் தெரியாதவளுக்குக் கடல் சாமானைப் பற்றி என்ன பேச்சு என்று முகத்துக்கு நேரே கேட்டவர்கள் உண்டு. தெரிந்தவன் தண்ணீரை மறந்துவிடுவான், எனக்கு அது ஒரு நிமிடமும் மறக்காது என்று அவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் அதே பதில்தான்.

ஆற்றில் தண்ணீர் குறையத் தொடங்கிய பிறகு முகாமுக்கு ஆட்கள் வருவது குறைந்தது. ரப்பர் படகு ஓட்டிக்கொண்டிருந்த பையன்களில் பாதிப்பேர் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். அப்போதுதான் நம் மாத்தயா, அதாவது முகாம் முதலாளி, ஒற்றை ஆள் உட்காரும் பழைய கயாக்குகள் சிலதை வாங்கிவந்து, கடலில் கயாக்கில் போய் மீன் பிடிக்கும் பயணம் நடத்தலாம் என்றார். கற்பிட்டியில் என்ஜின் படகு வைத்திருந்த ஒருவர் இதைக் கேள்விப்பட்டு ஓடிவந்தார். தூண்டில் கம்பும் நூல் சுற்றும் ரீலும் தன்னிடமே இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள், முழு வேலையையும் தன்னிடம் விட்டுவிடுங்கள் என்று மாத்தயாவிடம் கேட்டார். எங்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ரப்பர் மரத்துல மீன் புடிச்ச ஆக்களா இவங்க?" என்று கேட்டுச் சிரித்தார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பக்கத்தில் யோகேஸும் தர்ஷினியும் நின்றார்கள். இரண்டு பேரும் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், வளர்ந்து, இந்த ஆற்றிலேயே வேலை படித்த வழிகாட்டிகள். யோகேஸுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. தர்ஷினியின் சம்பளத்தில்தான் அவள் தம்பி படித்துக்கொண்டிருந்தான். கடல் வேலை கை மாறினால் இரண்டு பேருக்கும் அந்த மாதத்தோடு வேலை இல்லை. மாத்தயா எங்களுக்கு ஒரேயொரு பயணம் தந்தார். அதை ஒழுங்காக முடித்தால் வேலை எங்களுக்கு, இல்லையென்றால் படகுக்காரருக்கு. கம்பும் ரீலும் வாங்க அவர் ஒதுக்கிய காசில் படகுக்காரர் காட்டிய மாதிரிச் சாமான் இரண்டு செட் வாங்கலாம். எங்களுக்குத் தேவைப்பட்டது ஆறு செட். எப்படி வாங்குவாய் என்று மாத்தயா கேட்டார். அது என் பாடு என்றேன்.

யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் நளீம் நானாவின் கடையை உங்களுக்குத் தெரியும். ஆணி, பெயின்ட், பால் வாளி, அதற்கிடையில் தூண்டில் சாமானும் விற்பார். சொன்னால் கொழும்பிலிருந்து எடுத்தும் தருவார். அவரிடம் சொல்லி வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன், லைஃப் ஜாக்கட்டைப் போட்டுக்கொண்டே போனேன். கடைவீதியே என்னைத்தான் பார்த்தது. பார்க்கட்டும் என்று நடந்தேன்.

நானா முதலில் எடுத்துக் காட்டியது பெட்டியில் பெரிய எழுத்தில் பெயரிங் எண்ணிக்கை போட்ட ரீல். உங்களையும் இதை வைத்துத்தான் ஏமாற்றுவார்கள். உப்புத் தண்ணீரில் பெயரிங் என்கிற அந்த இரும்பு உருளைகள் கூடக் கூட, துருப்பிடிக்கும் இடமும் கூடும். பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு ரீலைக் கையில் எடுத்தேன். கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினேன், லொடலொட என்றது. வேண்டாம். அடுத்ததைச் சுற்றினேன், சத்தம் நன்றாக இருந்தது, ஆனால் உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக். கம்பை இழுத்துப் பிடித்து அழுத்தினால் நெளியும். வேண்டாம். மூன்றாவதாக ஒன்று, பார்க்க அழகில்லை, கனம் கொஞ்சம் கூட, உடம்பு உலோகம். அதில் நூலைச் சுற்றச் சொல்லி, நுனியைக் கடைக் கதவின் கொண்டியில் கட்டி, ரீலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தேன்.

"யா அல்லாஹ், கதவைக் கழட்டப் போறீங்களா?" என்றார் நானா.

"கதவு வராது நானா. இந்த ரீல் நூலை எப்படி விடுதுன்னு பாக்கிறேன்."

மீன் இழுக்கும்போது ரீல் நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டும். அந்தப் பிடிக்கு டிராக் என்று பெயர். விலை கூடிய ரீல், குறைந்த ரீல் என்பதெல்லாம் எனக்குக் கணக்கில்லை. டிராக் வெடுக்வெடுக்கென்று விட்டால் நூல் அறும், சீராக விட்டால் மீன் களைக்கும். அந்த அழகில்லாத ரீல் சீராக விட்டது. அதில் ஆறு என்றேன்.

கம்புக்கு வந்தோம். நானா கார்பன் கம்பு ஒன்றை எடுத்து, விரல் நுனியில் நிறுத்திக் காட்டினார். காற்று மாதிரி இருந்தது. நான் அதை வாங்கி மேசை விளிம்பில் தட்டப் போனேன், பறித்துக்கொண்டார்.

"அது தட்டுற சாமான் இல்ல புள்ள. தட்டினா உள்ளுக்கு வெடிச்சிரும். பொறகு வளைக்கிற நேரம் முறியும்."

"கயாக்குல இது விளிம்புல தட்டாம ஒரு நாள் இருக்குமா நானா?"

கொஞ்சம் யோசித்தார். "ஏலாது" என்றார். வியாபாரி என்றாலும் அந்த மனிதர் வாயில் பொய் வராது. அதற்குப் பிறகு உள்ளே போய், ஃபைபர் கிளாஸ் கம்புகளைக் கொண்டுவந்து போட்டார். கனம் கூட, பெயர் பெற்ற கம்பெனி இல்லை, விலை பாதிக்கும் குறைவு. மேசை விளிம்பில் நன்றாகத் தட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.

இனி நீளம். கடைக்காரர்கள் எல்லோரும் உங்களை நிற்கவைத்துத்தான் கம்பைக் கையில் கொடுப்பார்கள். நிற்கிறவனுக்கு எல்லாக் கம்பும் சரியாகத்தான் இருக்கும். நான் பெயின்ட் வாளிகளைத் தள்ளிவிட்டு, கடைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

"கடைக்குள்ள இப்பிடியா குந்துற? ஆக்கள் பாக்கிறாங்க" என்றார் நானா.

"கயாக்குல இப்பிடித்தான் குந்துவோம். கம்பைத் தாங்க."

முதல் கம்பு குட்டை. கையை எட்டி நீட்டினேன், என் கால் விரலைக் கொஞ்சம்தான் தாண்டியது. மீன் கயாக்கின் மூக்கைச் சுற்றி மறுபக்கம் போனால், கம்பு நுனி மூக்கைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் நூல் அடியில் உராய்ந்து போகும். அடுத்தது ஒன்பது அடி. மூக்கைத் தாண்டும், ஆனால் மீனைப் பக்கத்தில் கொண்டுவரும்போது நுனி எங்கோ வானத்தில் நிற்கும். அடிக்கட்டையும் நீளம், லைஃப் ஜாக்கட்டில் மாட்டிக்கொண்டது. அதற்காகத்தான் ஜாக்கட்டைப் போட்டுப் போனேன். ஏழடிக் கம்பு வந்தது, மூக்கைத் தாண்டப் போதும், அடிக்கட்டை குட்டை, ஜாக்கட்டில் மாட்டவில்லை, வளைத்துப் பார்த்தால் நடுவரைக்கும் வளைந்தது. வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் "அக்கா, திமிங்கிலம் வருது" என்றான். வந்தால் உன் வீட்டுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, அதிலும் ஆறு எடுத்தேன்.

மாத்தயா ஒதுக்கியதில் மிச்சமும் வந்தது. அதில் நல்ல நூல் வாங்கினேன். கம்பில் மிச்சம் பிடியுங்கள், ரீலில் ஓரளவு பிடியுங்கள், நூலில் பிடிக்காதீர்கள்.

சாமான் வந்த பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. கம்பைக் கயாக்கோடு கட்டவேண்டும் என்றேன். யோகேஸ் குதித்தான்.

"அக்கா, ஆத்துல ஒரு கயிறு தொங்கினாக்கூட நீங்கதானே வெட்டி எறிவீங்க? இப்ப நீங்களே கட்டச் சொல்றீங்க?"

அவன் சொன்னது நியாயம்தான். எங்கள் ஆற்றில் தொங்குகிற கயிறுதான் ஆளைக் கொல்லும். கயிறு பாறையில் மாட்டும், கால் கயிற்றில் மாட்டும், தண்ணீர் தலைக்கு மேலே ஏறிப்போகும். அதனால் ஆற்று முகாமில் எதையும் எதோடும் கட்டமாட்டோம். பையன்களுக்கு அது ரத்தத்தில் ஊறியது. ஆனால் கடலில் மாட்டிக்கொள்ளப் பாறை எங்கே இருக்கிறது? அங்கே ஆபத்து வேறு. கையை விட்ட சாமானைக் காற்று கொண்டுபோகும், திரும்பித் தராது. ஆற்றுச் சட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டு கடலுக்குப் போகக்கூடாது என்றேன். அவன் கேட்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சைக்கிள் டியூபை நீளமாக வெட்டினேன், விறகுக் கட்டுக்குக் கட்டுவோமே, அந்த மாதிரி. அதை இன்னும் மெல்லியதாகச் சீவினேன். ஸ்டோர் உத்தரத்தில் கட்டி, கம்பையும் ரீலையும் தொங்கவிட்டேன், தாங்கியது. உதறினேன், தாங்கியது. பிறகு அதில் என் காலை மாட்டி முழுப் பலத்தோடு இழுத்தேன், அறுந்தது. நான் தரையில் விழுந்தேன், இடுப்பு ஒரு வாரம் வலித்தது, அது வேறு கதை. கம்பைப் பிடிக்கவேண்டும், ஆளை விட்டுவிடவேண்டும், அந்த அளவுக்குச் சீவியிருந்தேன். தர்ஷினி பார்த்துவிட்டு உடனே கட்டிக்கொண்டாள். யோகேஸ் என் முன்னால் கட்டினான்.

கட்டாத கம்பு விழுந்தால் மிதக்கட்டும் என்று இன்னொரு வேலையும் செய்தேன். பழைய லைஃப் ஜாக்கட்டின் நுரைத் துண்டை வெட்டி, ஒவ்வொரு கம்பின் அடிக்கட்டையிலும் சுற்றினேன். எல்லோரும் கெட்டிக்காரி என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

பயணம் தொடங்கியது. நான்கு விருந்தாளிகள், யோகேஸ், தர்ஷினி. துணைக்கு நிற்கும் படகுக்கு மாத்தயா அந்தப் படகுக்காரரையே பிடித்திருந்தார். நான் கரையில். முதல் நாள் விருந்தாளி ஒருவர் என் கம்பைப் பார்த்து முகம் சுளித்து, தன் சொந்தக் கார்பன் கம்பைக் கொண்டுபோனார். மீன் கயாக்குக்கு அடியில் போனது, கம்பு விளிம்பில் பட்டது, பட்டாசு மாதிரிச் சத்தத்தோடு இரண்டாகிவிட்டது. மறுநாள் காலையில் வந்து, "அக்கா, உங்களுடையதில் ஒன்று இருக்குமா?" என்று கேட்டார். கொடுத்தேன். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் மாத்தயாவும் பார்க்க வந்திருந்தார். காலையில் கடல் தட்டையாக இருந்தது. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது என் சேலைத் தலைப்பு கடல் பக்கமாகப் பறந்தது. நிமிர்ந்து பார்த்தேன், கரையிலிருந்து கடலுக்குக் காற்று. அது பொல்லாத காற்று. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் அமைதியாகத்தான் தெரியும், ஆனால் எல்லாவற்றையும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். விசில் சத்தம் கேட்டது. தர்ஷினி விருந்தாளிகளை ஒன்றுசேர்த்துக் கரைக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான்கு விருந்தாளிகளும் இருந்தார்கள். யோகேஸ் இல்லை.

கரையைத் தொட்டதும் அவள் சொன்னதிலிருந்து நடந்தது புரிந்தது. ஒரு விருந்தாளியின் தூண்டிலில் பெரிய பாரை மீன் பட்டது. அவருக்குச் சமாளிக்க முடியாமல், கம்பை யோகேஸ் கையில் கொடுத்திருக்கிறார். மீன் பக்கவாட்டில் ஓட, சாய்ந்த யோகேஸின் கயாக் கவிழ்ந்தது. விருந்தாளியின் கம்பு அவர் கயாக்கோடு கட்டியிருந்ததால் தப்பியது, ஆனால் யோகேஸ் தன் கம்பின் டியூபை அவிழ்த்து வைத்திருந்தான். அது மிதந்துபோனது.

"கயாக்கைப் புடிச்சிட்டு இருந்தான் அக்கா. நான் பார்த்தேன். அப்புறம் அதை விட்டுட்டு கம்புக்குப் பின்னால நீந்திட்டான். கத்தினேன், கேக்கலை. இவங்களை விட்டுட்டு அவன்கிட்டப் போறதா, இல்லை இவங்களைக் கொண்டுவர்றதா…" அவள் அழுதாள். "நான் இவங்களைக் கொண்டுவந்துட்டேன்."

"சரியாத்தான் செஞ்ச" என்றேன். இதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அவள் யோகேஸிடம் போயிருந்தால் நாங்கள் ஆறு பேரைத் தேடியிருப்போம்.

படகுக்காரர் மர நிழலில் இருந்தார். ஓடினேன். என்ஜினைப் போடுங்கள் என்றேன். அவர் எழுந்துகொண்டே, "ஒங்கட ஆக்களுக்கு ஏலாதெண்டு மாத்தயாட்ட இப்பவே சொல்றீங்களா?" என்றார்.

"கரைக்கு வந்து சொல்றேன். உங்க முன்னாலயே சொல்றேன். இப்ப என்ஜினைப் போடுங்க."

போட்டார். நானும் ஏறினேன். நீச்சல் தெரியாதவள் ஏன் ஏறினாள் என்று கேட்காதீர்கள், கரையில் நிற்க என்னால் முடியவில்லை. படகு ஒவ்வொரு அலையிலும் விழுந்து எழுந்தது, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். யோகேஸின் மனைவி முகம்தான் கண்ணுக்குள் நின்றது. எந்த வாயால் அவளிடம் போய்ச் சொல்வேன்? படகுக்காரர் கெட்டிக்காரர், அதை மறைக்கமாட்டேன். காற்று எங்கே தள்ளும் என்று பார்த்து நேரே அங்கே விட்டார். முதலில் கவிழ்ந்த கயாக் கிடைத்தது, கொக்கி போட்டு இழுத்துக்கொண்டோம். அதற்கும் அப்பால், வெகு தூரத்தில், சிவப்பு ஜாக்கட் தெரிந்தது.

தூக்கிப் போட்டபோது அவன் உதடு நீலமாக இருந்தது. ஒரு கை கம்பை இறுக்கிப் பிடித்திருந்தது, விரலைப் பிரிக்க முடியவில்லை. அவன் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"அக்கா, கம்பு பத்திரமா இருக்கு."

என் ஆயுளில் பேசாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். கரைக்கு வந்து, அவனைப் போர்வைக்குள் உட்காரவைத்து, சீனி போட்ட தேத்தண்ணீரைக் குடிக்கவைத்தேன். மாத்தயா, படகுக்காரர், விருந்தாளிகள், எல்லோரும் சுற்றி நின்றார்கள். அப்போதுதான் கேட்டேன்.

"ஏன்டா கயாக்கை விட்ட?"

அவனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை போல என்னைப் பார்த்தான். "கம்பு போனா சம்பளத்துல வெட்டுவாங்களேக்கா. எங்கப்பாவுக்கு தோட்டத்துல பால் வாளி தொலைஞ்சதுக்கு வெட்டினாங்க. அந்த மாசம் வீட்டுல அரிசி வாங்க முடியலை. அதான் கம்பைப் பார்த்ததும் நீந்திட்டேன்."

நம்மைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையை விடமாட்டார்கள். கற்பிட்டியில் கரைவலை இழுப்பவன் மகன் கவிழ்ந்திருந்தால் கயாக்கைக் கட்டிப்பிடித்திருப்பான். லயத்தில் பிறந்தவன் முதலில் சாமானைத்தான் தேடுவான். கத்தி, வாளி, கூடை, எது தொலைந்தாலும் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நூறு பேர் முன்னால் பெயரைக் கூப்பிட்டு, சம்பளத்தில் வெட்டுவார்கள். ஆற்று முகாமிலும், நான் வருவதற்கு முன்பிருந்தே, அந்த வழக்கம் இருந்தது. நாம் என்ன மாதிரி வளர்க்கப்பட்டிருக்கிறோம் என்று அந்த நேரம் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. உயிர் போகிற நேரத்திலும் அவன் மனதில் ஓடியது சம்பளச் சீட்டு.

அவன் மடியில் கிடந்த கம்பை எடுத்தேன். தண்ணீருக்குள் முழங்கால் வரைக்கும் இறங்கி, என் பலம் முழுவதையும் சேர்த்து அதைக் கடலில் வீசினேன். ரீல், நூல், எல்லாவற்றோடும். நுரைத் துண்டு மிதந்துகொண்டே போனது.

"ஸ்டோர் அக்கே, பிஸ்ஸுத?" என்றார் மாத்தயா. பைத்தியமா என்று கேட்கிறார்.

நான் சிங்களத்திலேயே பதில் சொன்னேன், ஒரு சொல்லும் அவருக்குத் தப்பக்கூடாது என்பதற்காக. அந்தக் கம்பை என் சம்பளத்தில் வெட்டுங்கள், அதுதான் கடைசி வெட்டு. இனிமேல் கடலுக்குப் போகிற எந்தச் சாமானுக்கும் எவர் சம்பளத்திலும் கை வைக்கக்கூடாது. ஒத்துக்கொண்டால் அடுத்த பயணமும் நாங்கள் போகிறோம். இல்லையென்றால் இதோ நிற்கிறார் இவர், இவருக்கே கொடுங்கள், நாங்கள் லொறி ஏறுகிறோம். நான் இவருக்குக் கொடுத்த வாக்குக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இன்றைக்கு எங்கள் ஆளை நாங்கள் தனியாகக் காப்பாற்றவில்லை, இவர்தான் படகு விட்டார். ஆனால் ஏலாதவர்கள் என்று மட்டும் யாரும் எங்களைச் சொல்லவேண்டாம். நான்கு விருந்தாளிகளும் கால் நனைந்ததைத் தவிர ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறார்கள், கொண்டுவந்தது இந்தப் பிள்ளை.

தர்ஷினி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றாள். படகுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு கடலைப் பார்த்தார்.

மாத்தயாவின் கண் மணலில் கிடந்த மற்றக் கம்புகள் மேல் போனது. மூன்று நாள் அடிபட்டும் ஒன்றும் முறியவில்லை. முறிந்த கார்பன் கம்பும் அங்கேதான் கிடந்தது. அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார், எனக்குத் தெரியும். படகுக்காரர் காட்டிய சாமானை வாங்கியிருந்தால் அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார், ஒரு செட் தொலைந்தாலே ஒரு பயணத்து வருமானம் போயிருக்கும். எங்கள் கம்பு அந்த விலை இல்லை.

"ஹரி" என்றார், சரி என்று. "வெட்டு இல்லை. அக்கா சம்பளத்திலும் இல்லை."

அவர் நல்ல மனிதர் என்று நான் சொல்லவரவில்லை. நல்ல மனிதராக இருக்க அவருக்குக் கட்டுப்படியானது, அவ்வளவுதான். மலிவான சாமான் வாங்குவது ஏழைகளின் சமாளிப்பு என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலாளிக்கும் வழிகாட்டிக்கும் கடலில் விடக் கட்டுப்படியாகாத கம்பு, எவ்வளவு உசத்தியானாலும், கயாக்குக்கு உதவாத கம்பு. வாங்கும்போது இதைத்தான் முதலில் பாருங்கள், டிராக்கும் நீளமும் அதற்குப் பிறகு.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடவேண்டும். நான் வீசிய கம்பைப் படகுக்காரர் அன்று பின்னேரமே படகில் போய்ப் பொறுக்கிக்கொண்டார். இன்னும் அதில்தான் பிடிக்கிறாராம். முறியவே இல்லையாம். எனக்குத் தொலைபேசியில் சொன்னார், நன்றாகத் திட்டினேன், இரண்டு பேரும் சிரித்தோம்.

முகாமுக்குத் திரும்பியதும் முதல் வேலையாக எல்லாக் கம்பிலிருந்தும் நுரைத் துண்டை வெட்டி எறிந்தேன். பையன்கள் கூடிவிட்டார்கள்.

"அக்கா, இது இல்லைன்னா கம்பு முங்கிருமே" என்றான் யோகேஸ்.

"முங்கட்டும். மிதந்தா நீ பின்னால போவ. முங்கினா யார் போவா?"

அவன் தானாகவே டியூப் துண்டை எடுத்துத் தன் கம்பில் கட்டினான். கட்டுவது, அறுந்தால் முங்குவது. இந்த இரண்டுக்கும் நடுவில் கடலில் வேறு எதுவும் வேண்டாம். இன்றைக்கும் ஸ்டோரில் சிலர் நுரை கட்டலாமே என்று கேட்பதாகக் கேள்விப்பட்டேன். என் பேச்சை மீறிக் கட்டினால் நானே வந்து அறுப்பேன்.

அடுத்த பயணத்துக்குப் போனோம். கடைசி நாள், கரைக்கு வரும்போது அலை உடையும் இடத்தில் யோகேஸின் கயாக் மறுபடியும் கவிழ்ந்தது. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கயாக் தலைகீழாகப் போனது, அவன் உள்ளே போனான், கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. கம்பைக் கட்டியிருந்த டியூபில் அவன் கால் மாட்டிக்கொண்டதாம். உதைத்தானாம், அறுந்துவிட்டதாம். தலை வெளியே வந்தது. ஒரு கை கயாக்கைப் பிடித்திருந்தது, மறுகை அதன் மறுபக்கத்தைப் பிடித்தது. அலை அவனையும் கயாக்கையும் சேர்த்துக் கரையில் தள்ளியது.

மணலைத் துப்பிக்கொண்டு, கயாக்கை இழுத்துக்கொண்டு நடந்து வந்தான். மாத்தயா பக்கத்தில்தான் நின்றார். யோகேஸ் அவரையும் பார்த்தான், என்னையும் பார்த்தான், தலையைக் குனியவில்லை.

"கம்பு ஒண்ணு முங்கிருச்சுக்கா" என்றான். "தேத்தண்ணி இருக்கா?"

ஊற்றிக் கொடுத்தேன்.